காப்புக் கட்டி, காப்பு அவிழ்த்து: கொரானாவின் டிஎன்ஏ வேதியியல்

காரைக்குடியை அடுத்த ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஊருணித் தண்ணீரில் என்னென்ன பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று பார்ப்பதற்காக முதுகலை மாணவி ஒருவர் இரண்டு பிரைமர்களுக்கு, அதாவது டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகளுக்கு, எழுதிப் போட்டிருந்தார். கூரியரில் வந்த உறையைப் பிரித்தபோது, மூடி போட்ட இரண்டு சிறு பிளாஸ்டிக் குழாய்களும் ஒரு விவரத் தாளும் மட்டுமே இருந்தன. அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டும் காலியா வந்திருக்கு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு மூடியைத் திறந்துவிட்டார். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் சுவரில் ஒட்டியிருந்த, மிளகுத்தூளின் ஒரு துகளுக்குச் சற்றுக் கூடுதலான அந்த வெண்படலம் எங்கே பறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

தாளில் 25 நானோமோல் என்று போட்டிருந்தது. எடையாக மாற்றினால் ஏறத்தாழ 0.15 மில்லிகிராம், கண்ணுக்குப் படாததில் வியப்பில்லை. திறப்பதற்கு முன் குழாயைச் சென்ட்ரிஃபியூஜில் சிறிது நேரம் சுழற்றி, உள்ளிருப்பதை அடியில் இறக்கிக்கொள்ள வேண்டும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். புதிதாகத் திறப்பவருக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். சொல்லாமல் நின்றது என் குற்றம். ஆனால் அன்று என்னை உறுத்தியது வேறொன்று. அந்தக் குழாயில் இருந்தது 20 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ. அது எந்தச் செடியிலிருந்தும் விலங்கிலிருந்தும் நுண்ணுயிரிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டதன்று. கேட்டவர் கேட்ட வரிசையில், எழுத்துக்கு எழுத்து வேதிப்பொருள்களைக் கோத்து ஓர் இயந்திரம் செய்து கொடுத்தது. டிஎன்ஏ என்றால் உயிரிலிருந்து எடுப்பது என்றே நினைத்திருந்த அந்த மாணவியிடம், அதைச் செய்யவும் முடியும் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் யார் என்று கேட்டேன். ஹர் கோவிந்த் கொரானாவின் பெயரை அவர் படித்திருந்தார். ஆனால் வேறொரு காரியத்துக்காக. (2020க்குப் பிறகு இந்தப் பெயரை வகுப்பில் சொன்னால் ஒரு சிரிப்பலை எழாமல் இருப்பதில்லை. அந்த ஆண்டு ஊரெல்லாம் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த ஆர்டி-பிசிஆர் சோதனைக்கு வேண்டிய பிரைமர்களும் இவர் வழிவந்த வேதியியலில் செய்யப்பட்டவையே என்று சொன்னால் சிரிப்பு அடங்கிவிடும்.)

பாடப்புத்தகங்களில் கொரானாவுக்குக் கிடைப்பது ஒரே வரி: மரபுக் குறியீட்டை, அதாவது மரபணுவின் எழுத்துகள் புரதமாக மாறும் அகராதியை, படித்தறிந்ததற்காக 1968இல் ராபர்ட் ஹோலி, மார்ஷல் நிரன்பர்க் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றவர். வரியில் பிழையில்லை, ஆனால் அது அவருடைய வாழ்நாள் வேலையின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. கொரானா முதலில் ஒரு வேதியியலாளர். டிஎன்ஏ, ஆர்என்ஏ என்ற நியூக்ளிக் அமிலங்களை அவர் படித்ததைவிட எழுதியதே அதிகம். எழுதத் தெரிந்ததால்தான் படிக்கவும் முடிந்தது. மரபுக் குறியீட்டில் அவருடைய பங்கு, அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் செய்துவந்த பொறுமையான செய்முறை வேதியியலின் விளைச்சல். அந்தச் செய்முறையை விட்டுவிட்டு நோபல் பரிசை மட்டும் சொல்வது, விதைத்ததைச் சொல்லாமல் களத்துமேட்டு நெல்லை மட்டும் காட்டுவதைப் போன்றது.

அவர் பிறந்தது 1922இல், இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்ற பஞ்சாப் சிற்றூரில். தந்தை பட்வாரி, நம் பக்கத்துக் கர்ணத்தைப் போல நிலவரிக் கணக்கு எழுதும் கிராம அலுவலர். நூறு பேர் அளவே வாழ்ந்த அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அவர்களுடையது ஒன்றுதான். ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையான கொரானா தொடக்கக் கல்வியை ஒரு மரத்தடியில் கற்றார். பிறகு முல்தானில் பள்ளி, லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம். 1945இல் இந்திய அரசின் உதவித்தொகையுடன் இங்கிலாந்தின் லிவர்பூலுக்குச் சென்று 1948இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்து, சூரிச்சில் விளாதிமிர் பிரலாக்கின் ஆய்வகத்தில் ஓராண்டுக்கும் குறைவான காலம் இருந்தார். கடல் கடந்து கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டார், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகே தனிக்கடை போட்டார்கள் என்பது இங்கே எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. கொரானாவின் இந்த ஆண்டுகளும் அப்படிப்பட்ட அடுத்தாள் ஆண்டுகள்தாம்.

1949இல் அவர் நாடு திரும்பி வேலை தேடினார், கிடைக்கவில்லை. இந்த இடத்தில் காரைக்குடிக்காரன் ஒருவனுக்கு ஒரு நினைவு குறுக்கிடாமல் இருக்காது. கொரானா முனைவர் பட்டம் பெற்ற அதே 1948இல், ஜூலை 25 அன்று, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், அவர் கொடுத்த 15 லட்சம் ரூபாயை முதலாகக் கொண்டு, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். நிலையம் திறக்கப்பட்டது 1953 ஜனவரி 14இல். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில்தான் கொரானா வந்தார், போனார். அவர் மின்வேதியியலாளர் அல்லர். காரைக்குடிக்கு வந்திருப்பார் என்று சொல்வதற்கும் இல்லை. ஆனாலும் புது நாடு தன் ஆய்வகங்களுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், அவற்றுள் அமர வேண்டிய ஒருவர் வாசலிலிருந்தே திரும்பினார் என்ற கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை.

1950இல் கேம்பிரிட்ஜ் சென்ற கொரானா, ஜார்ஜ் கென்னர், அலெக்சாண்டர் டாட் ஆகியோருடன் இரண்டாண்டு வேலை செய்தார். டிஎன்ஏவின் எழுத்துகளான நியூக்ளியோடைடுகளின் வேதியியலுக்கு அன்று டாட்தான் தலைமை ஆசிரியர். அதற்காகவே 1957இல் நோபல் பரிசு பெற்றவர். 1952இல் கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா ஆராய்ச்சிக் கழகம் வேலை கொடுத்தது. அங்கே கருவிகள் குறைவு, சுதந்திரம் மிகுதி. கொரானாவின் தனிக்கடை அங்கேதான் திறந்தது.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டிஎன்ஏவின் ஒவ்வொரு எழுத்தும் மூன்று பகுதிகளால் ஆனது: நடுவில் ஒரு சர்க்கரை, ஒரு பக்கம் பாஸ்பேட், மறுபக்கம் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு காரங்களுள் ஒன்று. ஓர் எழுத்தின் பாஸ்பேட்டை அடுத்த எழுத்தின் சர்க்கரையில் உள்ள ஆல்கஹால் தொகுதியுடன் இணைத்தால் சங்கிலி நீளும். இணைப்பு நிகழும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் பாஸ்பேட்டும் ஆல்கஹாலும் கலந்தவுடன் தாமாக இணைவதில்லை. நீரை யாராவது பிடித்து இழுக்க வேண்டும். உயிரணுக்குள் அந்த வேலையை நொதிகள் செய்கின்றன. குடுவைக்குள் செய்வது யார்?

கொரானா சூரிச்சில் இருந்தபோது பழைய ஜெர்மன் வேதியியல் ஏடுகளில் கார்போடைஇமைடு என்ற சேர்ம வகையைப் பற்றிப் படித்திருந்தார். நீரைக் கண்டால் விடாமல் பற்றிக்கொள்ளும் சேர்மம் அது. அதை பாஸ்பேட்டுகளின் மீது ஏவலாம் என்ற வேலை கேம்பிரிட்ஜில் தொடங்கியது. டாட்டுடன் அவர் எழுதிய கட்டுரை 1953இல் வெளிவந்தது. அந்த வகையைச் சேர்ந்த டைசைக்ளோஹெக்சில்கார்போடைஇமைடு, நீரைப் பற்றிக்கொண்டதும் யூரியா வகைச் சேர்மமாக மாறி, வெள்ளைத் திடப்பொருளாகக் குடுவையின் அடியில் படிந்துவிடும், வடிகட்டி எறிந்துவிடலாம். வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்த எவரும் இந்தப் பொருளை மறக்க மாட்டார்கள். தோலில் பட்டுப் பட்டுப் பழகியவர்களுக்குக் கடைசியில் அரிப்பும் தடிப்பும் வந்து, பெயரைக் கேட்டாலே கை சொறியும். இந்த வழியில் கொரானா 1954இல், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறை உருவாக்கிக் காட்டினார். 1959இல் ஜான் மொஃபாட்டுடன் சேர்ந்து கோஎன்சைம் ஏ என்ற சிக்கலான மூலக்கூறையும் செய்து முடித்தார். வான்கூவரின் பெயர் உயிர்வேதியியல் வட்டாரத்தில் பரவியது அதற்குப் பிறகுதான்.

சங்கிலி கோப்பதில் இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. இணைய வேண்டிய இடம் ஒன்றுதான். இணையக்கூடிய இடங்களோ பல. சர்க்கரையின் இரு முனைகளிலும் ஆல்கஹால் தொகுதிகள் உள்ளன. ஏ, ஜி, சி ஆகிய காரங்களில் அமினோ தொகுதிகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. கலவையில் எல்லாம் எல்லாவற்றுடனும் இணைந்து, வேண்டியது ஒன்றாகவும் வேண்டாதது பலவாகவும் கிடைக்கும். ஆகவே இணையக் கூடாத இடங்களை எல்லாம் தற்காலிகமாக மூடி வைத்து, வேண்டிய இடத்தை மட்டும் திறந்து விட வேண்டும். இந்த மூடிகளைத் தமிழில் காப்புத் தொகுதிகள் என்கிறோம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருத்தம் உடனே பிடிபடும்: கட்டிய காப்பு விழா முடியும்வரை அவிழக் கூடாது; விழா முடிந்த பின் அவிழாமலும் இருக்கக் கூடாது. வேதியியலில் இரண்டாம் பாதிதான் கடினம். கெட்டியாகக் கட்டுவது எளிது. கட்டியதை, உள்ளே இருப்பதற்குச் சிறு கீறலும் படாமல் அவிழ்ப்பதில்தான் திறமை இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஆத்தங்குடியில் ஏதாவது ஒரு கல்பட்டறைக்குப் போய் நிற்கலாம். சட்டத்துக்குள் கண்ணாடித் தகடு. அதன் மேல் பூ வேலைப்பாடு கொண்ட உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் குழைத்த சிமெண்டுச் சாயத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள்: இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, சுற்றிலும் மஞ்சள். தகட்டு விளிம்புகள் இருப்பதால் சிவப்பு பச்சைக்குள் போகாது. பிறகு, பார்ப்பவர் மூச்சை அடக்கிக்கொள்ளும் ஒரு கணம் வரும்: அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை சற்றுச் சாய்ந்தாலும் இதழின் ஓரம் கரைந்து கலங்கிவிடும். பழகிய கை தூக்கினால், விளிம்பு இருந்த இடமே தெரியாமல் சாயங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மேலே உலர்ந்த கலவையைத் தூவி, சாந்து போட்டு அமுக்கி, நீரில் ஊறப்போட்டு விடுகிறார்கள். அச்சு முடிந்த கல்லில் இல்லை. ஆனால் அச்சில்லாமல் அந்தக் கல் இல்லை. காப்புத் தொகுதியின் வாழ்க்கையும் இப்படித்தான். ஒரே ஒரு வேற்றுமை: கல்லுக்கு அச்சை ஒரு தடவை தூக்கினால் போதும், டிஎன்ஏ சங்கிலியிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தடவை.

கொரானாவின் குழு தேர்ந்தெடுத்த காப்புகளில் ஒரு நுட்பமான ஏற்பாடு இருந்தது. ஏ, சி காரங்களின் அமினோ தொகுதிகளுக்கு பென்சாயில், ஜிக்கு ஐசோபியூட்டிரில்; டியில் அமினோ தொகுதியே கிடையாது, ஆகவே காப்பும் வேண்டாம். இவை அம்மோனியா போன்ற காரக் கரைசலில் மட்டுமே அவிழும். சர்க்கரை முனையின் ஆல்கஹாலுக்குக் கட்டியதோ அமிலத்தில் மட்டும் அவிழும் ட்ரைட்டில் தொகுதி. ஆகவே ஒன்றை அவிழ்க்கும்போது மற்றொன்று அசையாது. ஆனால் ட்ரைட்டிலை அவிழ்க்க வேண்டிய அமிலம் கடுமையாக இருந்தால், ஏ, ஜி காரங்கள் சர்க்கரையிலிருந்தே பிய்ந்து விழுந்துவிடும். எழுத்தை மாட்டும் ஆணியை நெகிழ்த்தப் போய் எழுத்தையே உதிர்த்த கதை. இதற்கு 1962இல் வான்கூவர்க் காலத்துத் தோழர் மைக்கேல் ஸ்மித் உள்ளிட்ட குழு ஒரு தீர்வு கண்டது. ட்ரைட்டிலின் மீது மெதாக்சி தொகுதி ஒன்றைச் சேர்த்தால் அது அமிலத்தில் ஏறத்தாழ பத்து மடங்கு விரைவாக அவிழ்கிறது. இரண்டு சேர்த்தால் மேலும் பத்து மடங்கு. மென்மையான அமிலமே போதும் என்றாயிற்று. இந்த டைமெதாக்சிட்ரைட்டில் அவிழும்போது கரைசல் பளிச்சென்று ஆரஞ்சு நிறமாகும். இன்றைய இயந்திரங்களிலும் இதே காப்புதான் பயன்படுகிறது. ஒவ்வோர் எழுத்து ஏறியபின்னும் வெளியேறும் ஆரஞ்சு நிறத்தின் அடர்த்தியை அளந்துதான் இணைப்பு எவ்வளவு நிறைவாக நடந்தது என்று கணக்கிடுகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வேதிப்பொருள் தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பது அரிது.

அந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு வட்டிக்கணக்குப் பழகிய ஊருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. இது கூட்டு வட்டி, குறையும் திசையில். ஓர் எழுத்தை இணைக்கும்போது 100க்கு 90 சங்கிலிகள் ஒழுங்காக நீண்டால் நல்ல விளைச்சல் என்றே தோன்றும். ஆனால் 20 எழுத்துக்கு 19 இணைப்புகள்; கடைசியில் முழு நீளச் சங்கிலி 100க்கு 13 அல்லது 14தான் மிஞ்சும். 99 கிடைத்தால் ஏறத்தாழ 83 மிஞ்சும். கொரானாவின் காலத்து வழியில் இணைப்புகள் இவ்வளவு நிறைவாக இல்லை. அன்று பாஸ்பேட்டின் மின்சுமை திறந்தே இருந்ததால், ஒவ்வொரு கட்டத்திலும் கலவையை நீண்ட அயனிப் பரிமாற்றத் தூண்களில் ஊற்றி, நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வோர் எழுத்தாக நீட்டாமல், இரண்டு, மூன்று எழுத்துத் துண்டுகளை முதலில் செய்து வைத்துக்கொண்டு அவற்றைச் சேர்த்தார்கள். ஒரு துண்டுக்கு மாதங்கள் ஆகும் என்ற காலம் அது. இந்த மாதங்கள்தான் பாடப்புத்தக வரியில் காணாமல் போகின்றன.

1960இல் கொரானா அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டே நிரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தேயியும், யூ என்ற ஒரே எழுத்தாலான ஆர்என்ஏவை (ஆர்என்ஏவில் டிக்குப் பதிலாக வருவது யூ) உயிரணுச் சாற்றில் இட்டால் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் மட்டுமே கொண்ட புரதம் உருவாகிறது என்று காட்டினார்கள். ஆர்என்ஏவின் எழுத்து வரிசை புரதத்தின் அமினோ அமில வரிசையாக மாறும் அகராதியின் முதல் சொல் அது. ஆனால் அடுத்த சொற்களுக்கு, எழுத்து வரிசை துல்லியமாகத் தெரிந்த ஆர்என்ஏ வேண்டும். நான்கு எழுத்துகளைக் கலந்து கட்டிய சரம் உதவாது. வரிசை தெரிந்த சரத்தைச் செய்யத் தெரிந்த ஆய்வகம் அன்று உலகில் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தது. அவற்றில் ஒன்று கொரானாவினுடையது. ஆர்என்ஏவில் சர்க்கரைக்குக் கூடுதலாக இன்னொரு ஆல்கஹால் தொகுதி உண்டு. காப்புத் தொல்லை இன்னும் கூடும். நீண்ட சரங்களுக்கு அவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார்: மீண்டும் மீண்டும் வரும் வரிசையுள்ள சிறு டிஎன்ஏ துண்டுகளை வேதி முறையில் செய்து, டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியால் நீட்டி, பிறகு ஆர்என்ஏ பாலிமரேஸ் நொதியைக் கொண்டு ஆர்என்ஏவாக நகல் எடுத்தார். வேதியியல் எழுத, நொதிகள் படியெடுக்க, உயிரணுச் சாறு வாசித்தது.

வாசித்தது என்ன என்பதைப் பூச்சரத்தில் பார்க்கலாம். மல்லி ஒன்று, கனகாம்பரம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டிய சரத்தை இரண்டிரண்டு பூவாக நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கும். நான்கு நான்காக நறுக்கினாலும் அப்படியே. மூன்று மூன்றாக நறுக்கினால் மட்டும் மல்லி-கனகாம்பரம்-மல்லி, கனகாம்பரம்-மல்லி-கனகாம்பரம் என்று இரு வகைத் துண்டுகள் மாறி மாறி வரும். கொரானாவின் யூ, சி மாறி மாறி வரும் சரத்திலிருந்து கிடைத்த புரதத்தில் செரின், லியூசின் என்ற இரு அமினோ அமிலங்கள் மாறி மாறி வந்தன. ஆகவே ஒரு சொல்லின் எழுத்து எண்ணிக்கை ஒற்றைப்படை. அடுத்து யூயூசி, யூயூசி என்று தொடரும் சரம்: இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம். இதை ஐந்தைந்தாக நறுக்கினால் ஒரே சரத்துக்குள் மூன்று வகைத் துண்டுகள் சுழன்று வரும். மூன்று மூன்றாக நறுக்கினாலோ, எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து, சரம் முழுக்க ஒரே வகைத் துண்டுதான் வரும். ஆய்வில் கிடைத்தவை மூன்று தனித்தனிப் புரதங்கள்: முழுக்க ஃபினைல் அலனின் ஒன்று, முழுக்க செரின் ஒன்று, முழுக்க லியூசின் ஒன்று. சொல் மூன்றெழுத்துதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு சரங்களிலும் பொதுவாக வரும் சொற்களை ஒப்பிட்டுக்கொண்டே போனால் எந்தச் சொல் எந்த அமினோ அமிலம் என்பது ஒவ்வொன்றாக விழும்.

ஜிஏயூஏ, ஜியூஏஏ என்று தொடரும் நான்கெழுத்துச் சரங்கள் நீண்ட புரதம் எதையும் தரவில்லை. அந்தத் தோல்வியும் ஒரு விடையே: அவற்றை எங்கிருந்து வாசித்தாலும் விரைவில் யூஏஜி, யூஏஏ என்ற சொற்கள் வந்துவிடும், அவை வாக்கியத்தை முடிக்கும் முற்றுப்புள்ளிகள். இதற்கிடையே 1964இல் நிரன்பர்க்கும் பிலிப் லேடரும், மூன்றெழுத்துத் துண்டு ஒன்றே போதும், அது தனக்குரிய அமினோ அமிலத்தை, உயிரணுவில் புரதம் கோக்கும் பட்டறையான ரைபோசோமில் கொண்டுவந்து ஒட்டவைக்கிறது என்று கண்டார்கள். கொரானாவின் குழு சாத்தியமான 64 மூன்றெழுத்துத் துண்டுகளையும் வேதி முறையில் செய்து முடித்து அகராதியை நிரப்ப உதவியது. 1968இன் நோபல் பரிசைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

பரிசு வந்தபோது அவர் கை வேறொரு வேலையில் இருந்தது. ஈஸ்ட்டில் அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் கடத்தி ஆர்என்ஏவின் 77 எழுத்து வரிசையை ஹோலி 1965இல் கண்டுபிடித்திருந்தார். வரிசை தெரிந்தால் அதற்குரிய மரபணுவைச் செய்யலாம் அல்லவா? 77 எழுத்தை ஒரே மூச்சில் கோக்கும் வேதியியல் அன்று இல்லை. மேலே போட்ட கூட்டு வட்டிக் கணக்கு இடம் தராது. கொரானா கொத்தனார் வழியைக் கையாண்டார். ஐந்து முதல் இருபது எழுத்து வரையுள்ள துண்டுகளைத் தனித்தனியாகச் செய்துகொண்டார். டிஎன்ஏ இரட்டைச் சரம். ஏ எதிரே டி, ஜி எதிரே சி நிற்கும். ஒரு சரத்தின் இரு துண்டுகள் சந்திக்கும் மூட்டுக்கு நேர் எதிரே மற்றொரு சரத்தின் துண்டின் நடுப்பகுதி வருமாறு வெட்டிச் செய்திருந்ததால், கலந்தவுடன் துண்டுகள் தாமாகவே செங்கல் வரிகளைப் போல இடம் மாறி அமர்ந்தன. மூட்டுகளை லைகேஸ் என்ற நொதி பூசி அடைத்தது. அந்த நொதி கண்டுபிடிக்கப்பட்டு மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1970இல், உலகில் முதன்முறையாக ஒரு மரபணு முழுவதும் ஆய்வகத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டு அவர் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்துக்கு மாறினார். செய்முறையின் முழு விவரமும் 1972இல் ஓர் ஆய்விதழில் கட்டுரை வரிசையாக வெளிவந்தது.

ஆனால் அந்த மரபணு வேலை செய்யவில்லை. வேலை செய்ய வழியும் இல்லை. எங்கே படிக்கத் தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று உயிரணுவுக்குச் சொல்லும் பகுதிகள் அதில் இல்லை. பாராட்டுகளை வாங்கிக்கொண்டு அடுத்த தலைப்புக்குப் போயிருக்கலாம்; கொரானா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை ஈ.கோலை பாக்டீரியாவின் டைரோசின் கடத்தி ஆர்என்ஏ மரபணு, அதன் தொடக்கப் பகுதியும் முடிவுப் பகுதியும் சேர்த்து 207 எழுத்து இணைகள். தேர்ந்தெடுத்த மரபணுவில் ஒரு சாமர்த்தியம் இருந்தது: அது யூஏஜி என்ற முற்றுப்புள்ளியைப் புறக்கணித்து அங்கே டைரோசினை வைத்து வாக்கியத்தைத் தொடரவைக்கும் வகை. நடுவில் தவறாக முற்றுப்புள்ளி விழுந்ததால் வளர முடியாத ஒரு வைரஸுக்குள் இந்தச் செயற்கை மரபணுவைச் சேர்த்தால், மரபணு வேலை செய்கிறதா என்பதை வைரஸே சொல்லிவிடும். வைரஸ் வளர்ந்தது. 1976இல் அது அறிவிக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன் அவருடைய சரங்களை இடையில் நிறுத்திய அதே முற்றுப்புள்ளி, இப்போது அவருடைய மரபணுவுக்குச் சாட்சி சொன்னது.

இந்த வேலையின் ஓரத்தில் விழுந்த ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் செய்த மரபணுவைக் கொஞ்சம் கூடுதலாகப் பெறுவது எப்படி என்று யோசித்த குழுவினர், இரு முனைகளிலும் இரு சிறு துண்டுகளை ஒட்டவைத்து, பாலிமரேஸால் நீட்டி, சூடாக்கிப் பிரித்து, மீண்டும் ஒட்டவைத்து நகல்களைப் பெருக்கலாம் என்ற கருத்தை 1971இல் வெளியிட்டார்கள்; கட்டுரையின் முதல் ஆசிரியர் நார்வேக்காரரான ஷெல் கிளெப்பெ. பின்னாளில் கேரி மல்லிஸ் 1983இல் உருவாக்கி 1993இல் நோபல் பரிசு பெற்ற பிசிஆரின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது. 1991இல் அமெரிக்க நீதிமன்றத்தில் பிசிஆர் காப்புரிமையை எதிர்த்தவர்கள் இந்தக் கட்டுரையைத்தான் காட்டினார்கள். நடுவர் குழு ஏற்கவில்லை. என் எண்ணத்தில் அந்தத் தீர்ப்பில் பெரிய அநியாயம் இல்லை. பிரைமர் ஒன்றைச் செய்ய மாதங்கள் ஆன காலத்தில் பிசிஆர் ஒரு நல்ல எண்ணம் மட்டுமே. பிரைமர் சில நாள்களில் கிடைக்கத் தொடங்கிய பிறகே அது கருவியாக முடியும். 1993இல் மல்லிஸுடன் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அதே மைக்கேல் ஸ்மித் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அவர் பரிசு பெற்றதும், செயற்கை டிஎன்ஏ துண்டால் மரபணுவில் நினைத்த இடத்தில் ஓர் எழுத்தை மாற்றும் முறைக்காகத்தான்.

மாதங்களை நாள்களாக்கியவர்களில் தலையாயவர் மார்வின் கரூதர்ஸ். முதலில் ராபர்ட் லெட்சிங்கரிடமும் பிறகு கொரானாவிடமும் பயின்றவர். சங்கிலியின் ஒரு முனையைத் திடப்பொருள் மணியில் ஒட்டிவைத்துவிட்டால், ஒவ்வொரு கட்டத்திலும் தூணில் ஊற்றிப் பிரிக்காமல் வெறுமனே கழுவிவிடலாம் என்பது லெட்சிங்கரின் வழி. கரூதர்ஸ் 1980களின் தொடக்கத்தில் பாஸ்பரமிடைட் என்ற வேகமான இணைப்பு வேதியியலைச் சேர்த்தார். ஓர் எழுத்து சில நிமிடங்களில் ஏறியது. கொரானாவின் பாஸ்பேட் இணைப்பு முறை அத்துடன் வழக்கொழிந்தது. அவருடைய காப்புகள் மட்டும் அப்படியே நின்றன. நம் வீடுகளில் சர்க்கரை உள்ளவர்கள் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் மனித இன்சுலினும் செயற்கை டிஎன்ஏவின் வழியில் வந்ததே: 1978இல் வேதி முறையில் செய்யப்பட்ட மரபணுக்களைப் பாக்டீரியாவுக்குள் விட்டுத்தான் அதை முதலில் பெற்றார்கள்.

அதற்குள் கொரானா நியூக்ளிக் அமிலங்களிலிருந்து நகர்ந்து, ஒளியை உணரும் புரதங்களை எடுத்துக்கொண்டிருந்தார்: உப்பளத்து நுண்ணுயிரின் பாக்டீரியோரொடாப்சின், கண்ணின் விழித்திரையில் உள்ள ரொடாப்சின். இங்கேயும் பழைய கைத்தொழில் விட்டுப் போகவில்லை. மாட்டின் ரொடாப்சினுக்கு ஆயிரம் எழுத்துக்கு மேற்பட்ட மரபணுவைச் செய்து, ஓரோர் அமினோ அமிலமாக மாற்றி, ஒளி பட்டதும் புரதத்தின் எந்தப் பகுதி அசைகிறது என்று பார்த்தார். 2007 வரை பணியில் இருந்தார். 2011 நவம்பர் 9 அன்று மறைந்தார்.

பறந்து போன பிரைமருக்கு மறுபடி எழுதிப் போட்டு, அது வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இந்தத் தடவை மாணவி மின்விசிறியை நிறுத்தினார், குழாயைச் சுழற்றினார், 250 மைக்ரோலிட்டர் நீர் விட்டு, அரை மணி நேரம் அப்படியே வைத்தார். அந்த இடைவெளியில் விவரத் தாளை விரித்து, 20 எழுத்துகளையும் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, "சார், அப்ப இதுக்குப் பத்தொன்பது தடவை ஆரஞ்சு வந்திருக்கும்ல?" என்றார். கடைசி எழுத்தின் காப்பையும் அவிழ்த்திருப்பார்களே என்றேன். சற்று யோசித்துவிட்டு, மணியில் முதலில் ஒட்டிய எழுத்தையும் சேர்த்து இருபது என்று திருத்திக்கொண்டார்.